பலா நின்ற இடம்

பெங்களூரில் நான் வழக்கமாக வாங்கும் காப்பிப் பொட்டலத்தின் மேல் ஒரு பறவைப் படம் இருக்கும். அதன் கீழே 'நிழலில் விளைந்தது' என்று அச்சிட்டிருப்பார்கள். கால் கிலோ 450 ரூபாய். அந்த ஒரு வரிக்காகவே கூடுதல் விலை கொடுக்கிற ஆள் நான். ஆனால் தாண்டிக்குடியில் எங்கள் குடும்பத்துக்கே இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. பதினோரு வருடங்களாக நான் அதற்குள் கால் வைத்ததில்லை.

போன டிசம்பரில் போனேன். அப்பா இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. அவருடைய பங்கு என் பெயருக்கு வந்திருந்தது. நண்பன் ஒருவன் மூலமாக இடத்துக்கு நல்ல விலையும் வந்திருந்தது. தங்கும் விடுதி கட்டப் போகிறார்களாம். சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்கத்தான் போனேன். ஒப்பந்த நகல் பையில் இருந்தது.

வத்தலக்குண்டில் பஸ் மாறி, சித்தரேவு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும். பெரும்பாறைக்கு மேலே வந்தால் சாலையின் இருபுறமும் காப்பிதான். ஆனால் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவருக்குக் காப்பி தெரியாது, காடு மாதிரிதான் தெரியும். உயரத்தில் பலா, அத்தி, நாவல். மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி. அதற்குக் கீழே வாழை. எல்லாவற்றுக்கும் அடியில், ஆள் உயரத்தில் காப்பி. அதற்கும் கீழே கணுக்கால் புதைகிற சருகு.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கையில் ஒரு கம்பு. "பாத்து வாப்பா. நேத்து ராத்திரி காட்டுமாடு எறங்கியிருக்கு" என்றார். பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றும் இருக்கும். சிவப்பை மட்டும் பறித்துவிட்டு மற்றதை அடுத்த சுற்றுக்கு விடவேண்டும். ஆறு கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது இன்னும் எடை குறையும். நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். என்னுடைய கால் கிலோ பொட்டலத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ பழம். அத்தனையும் யாரோ ஒரு பெண் விரலால் ஒவ்வொன்றாகப் பறித்தது.

பிரேசிலில் பெரும்பாலும் வெட்டவெளியில் வளர்த்து, இயந்திரத்தால் பறிக்கிறார்கள். இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லாக் காப்பியும் மரநிழலில்தான். ஆகவே இங்கே 'நிழலில் விளைந்தது' என்று அச்சிடுவதால் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. எந்த மரத்தின் நிழல் என்பதுதான் கேள்வி. பல வகை மரங்கள் அடுக்கடுக்காக நிற்பதும் நிழல்தான். வரிசையாக நட்ட சில்வர் ஓக்கும் நிழல்தான். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீக்கிரம் வளரும், நேராகப் போகும், மிளகு ஏற்ற வசதி, பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம். பலாவைப்போல, அத்தியைப்போல பழம் தராது. பொட்டலத்தில் இருக்கும் பறவை அதில் என்ன தின்னும் என்று யாரும் கேட்பதில்லை.

தோட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் சட்டென்று வெளிச்சம் கூடியது. முக்கால் ஏக்கர் இருக்கும். சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நின்றது. காப்பிச் செடிகளுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். சில செடிகளின் இலை பழுத்துத் தொங்கியது.

"பூச்சி" என்றார் சித்தப்பா. வெள்ளைத் தண்டு துளைப்பான். ஒரு வண்டு காப்பித் தண்டின் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். வெளியே தண்டில் மோதிரம் போட்டதுபோலப் புடைப்பு தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் வழி. அராபிகா ரகத்தைத்தான் தேடி வரும். வெயில் விழுகிற தண்டு என்றால் இன்னும் பிரியம். நிழல் அடர்த்தியாக இருந்தால் குறையும். மற்றபடி பட்டையை நார் வைத்துத் தேய்த்துவிடலாம், சுண்ணாம்பு பூசலாம். எல்லாவற்றுக்கும் ஆள் கூலி வேண்டும்.

"இங்க மட்டும் ஏன் சித்தப்பா இவ்வளவு?"

"வெயிலு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பதில் சொன்னது பறிப்புக்கு வந்திருந்த பெரியவர். நிழல் கவாத்துக்கு மரம் ஏறுகிறவர் அவர்தான். பருவமழைக்கு முன்னால் இடுப்பில் அரிவாளோடு முப்பது நாப்பது அடி ஏறி, கிளை கழிப்பார். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லையாம். சருகைக் காலால் விலக்கி ஒரு அடிக்கட்டையைக் காட்டினார். கறுத்து, உளுத்து, ஓரத்தில் காளான்.

"இங்கன நாலு பலா நின்னுச்சு தம்பி. ரெண்டு பேரு கட்டிப்புடிச்சாலும் கைக்குள்ள அடங்காது. நாந்தான் ஏறி முறிச்சேன். ஒங்க காலேஜு பீஸுக்குன்னு அப்பா சொன்னாக."

2007. எனக்கு அந்த வருடம் நன்றாக நினைவிருக்கிறது. முதல் தவணை கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் அப்பா பணத்தோடு வந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் அது கேட்கத் தோன்றுகிற கேள்வியாகவும் இல்லை. மரம் போன இடத்தில் சில்வர் ஓக் கன்றுகளை வைத்தார்கள். அது வளர்ந்து நிழல் கட்டுவதற்குள் பூச்சி நுழைந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் சித்தப்பா செடிகளைப் பிடுங்கி எரித்திருக்கிறார். அப்பாவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரவு உலர்களத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சித்தி கொண்டுவந்த காப்பியில் வெல்லம் போட்டிருந்தது. நான் பையைத் திறக்காமலே விஷயத்தைச் சொன்னேன். விலையையும் சொன்னேன். சித்தப்பா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நல்ல வெலதான். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். எனக்கும் அறுவத்தி மூணு ஆச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காப்பி வெல நம்ம கையில இல்ல. எங்கிட்டோ நியூயார்க்குல ஏறுது, எறங்குது. மரம் இருக்கணும், குருவி இருக்கணும்னு வாரவுகல்லாம் சொல்லிட்டுப் போறாக. பழத்த எடை போடுறவன் நெழலுக்குத் தனியா ஒரு ரூவா போட்டதில்லப்பா" என்றார்.

நான் 450 ரூபாய் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"பலா மரத்தப் பத்தி ஏன் சித்தப்பா சொல்லல?"

"சொல்லி? படிக்காம வந்துருப்பியா?" என்று சிரித்தார். "மரம் வெட்டுனது தப்பில்ல. திரும்ப பலாவ வச்சிருக்கணும். அவசரத்துல சீக்கிரம் வளர்றத வச்சோம். அதான் தப்பு."

நாங்கள் குறிப்பாகச் செய்த தப்பு ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். இந்த மலையில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் அந்தந்த வருடத்தைத் தாண்டின. பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் கையில் இருந்தது மரம்தான். ஆனால் அந்தக் கணக்கின் வரவு முழுவதும் என் பக்கம் இருக்கிறது. பற்று மட்டும் அந்த முக்கால் ஏக்கரில் நிற்கிறது.

மறுநாள் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். விற்கவே மாட்டேன் என்று சபதமெல்லாம் செய்யவில்லை. ஐந்து வருடம் பார்ப்போம் என்று பேசியிருக்கிறோம். பூச்சி எடுக்கிற கூலி என் பொறுப்பு. சித்தப்பா அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். "கடன்னு எழுதாதீங்க" என்றேன். "பின்ன என்னன்னு எழுத?" என்றார். எனக்கும் சொல் கிடைக்கவில்லை.

ஜூன் மழைக்கு அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் பதினாறு பலாக்கன்று வைத்தோம். இரண்டைக் காட்டுமாடு மிதித்துவிட்டதாகப் போன வாரம் போனில் சொன்னார். மீதி பதினாலும் துளிர் விட்டிருக்கிறதாம்.