பதில் சொல்பவன்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஐந்தரைக்கெல்லாம் அம்மா மலைப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஆறு மணிக்கு உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். தெரு முழுக்க மொட்டை மாடியில் நின்று அரோகரா சொல்லும். எங்கள் வீட்டில் அப்போது செபமாலை நடந்துகொண்டிருக்கும். வெறுப்பினால் அவள் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அவளுடைய அம்மா பெரிய கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தவள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வருவதற்கு வெகு முன்பே ஞானஸ்நானம் பெற்றுவிட்டவள். உள்ளே விடாத இடத்தின் வெளிச்சத்தை வெளியே நின்று பார்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டின் எழுதப்படாத கட்டளை. இதைப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முதல்முறையாக மாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரியில்தான், போலீஸ் காவலுடன்.

ஞானஸ்நானம் கொடுத்த கோயிலும் எங்களை முழுக்க உள்ளே விட்டுவிடவில்லை. எங்கள் கிராமத்துக் கோயில் சிலுவை வடிவத்தில் கட்டப்பட்டது. அந்தச் சிலுவையின் இடது கை எங்களுடையது. நடுக்கூடமும் வலது கையும் மற்றவர்களுடையவை. நன்மை வாங்க நாங்கள் போவது கடைசியில். அப்பம் ஒன்றேதான், வரிசைதான் வேறு. கல்லறைத் தோட்டத்திலும் ஒரு வரப்பு இருந்தது. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910இல் அது இடிக்கப்பட்டபோது மேல்சாதிக் கிறிஸ்துவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் ஊரில் சுவர் இல்லை. தேவைப்படவில்லை.

அது லத்தீன் பூசையின் காலம். சாமியார் எங்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். அவர் முணுமுணுப்பது யாருக்கும் விளங்காது. ஜனங்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் எல்லாத் தலைகளும் குனியும். ஆனால் சாமியார் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலைச் சபைக்காகச் சொல்பவன் பீடத்தடியில் மண்டியிட்டிருக்கும் பூசை உதவிப் பையன். அவன் இல்லாவிட்டால் பூசை வைக்கக் கூடாது என்பதே 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் பொது விதி. இதை நான் பின்னால்தான் படித்தேன். ஆனால் எட்டு வயதிலேயே ஒன்று தெரிந்திருந்தது: சாமியாரின் குரல் காற்றில் நிற்கிறது, இன்னொரு குரல் வந்து அதைத் தொட்டால்தான் அடுத்த வாக்கியத்துக்கு அவரால் போக முடிகிறது.

இடது கையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அந்தப் பதில்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. அர்த்தம் தெரியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் உபதேசியாரிடம் போய், எனக்கும் வரும், நானும் பூசைக்கு உதவி செய்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ஒனக்கு இன்னாத்துக்குடா அது?" என்றார். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இல் தொடங்கி 1965இல் முடிந்தது. அந்த ஆண்டுகளின் நடுவிலேயே பூசை தமிழுக்கு வந்தது. சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். சபை முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பழக்கமில்லாததால் நடுக்கூடம் தயங்கியது. இடது கையிலிருந்து வந்த குரல்தான் ஓங்கி இருந்தது. அம்மா தொண்டை கிழியச் சொன்னாள். வழிபாட்டுச் சீர்திருத்தம் பற்றிப் படித்தவர்கள் எழுதியதையெல்லாம் பிறகு நான் படித்திருக்கிறேன். ஆனால் அன்று நடந்ததன் கனம் அந்தப் பக்கங்கள் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உட்காரும் இடம் மாறவில்லை, கல்லறை வரப்பு மாறவில்லை. குரலுக்கு மட்டும் இடம் கிடைத்தது.

ரயில்வேயில் கேங்மேனாக இருந்த அப்பாவுக்கு மாற்றல் கிடைத்து நாங்கள் திருவண்ணாமலை டவுனுக்கு வந்த சமயத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி, வழிபாட்டை இந்தியப் பண்பாட்டுக்கு ஏற்ப அமைக்க 12 அம்சங்களுக்கு ரோமாபுரி 1969 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. தரையில் உட்காரலாம், செருப்பைக் கழற்றலாம், கைகூப்பி வணங்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். தரையில் உட்கார எங்களுக்கு எந்த அனுமதியும் என்றும் தேவைப்பட்டதில்லை. கழற்றுவதற்குச் செருப்பும் இருந்ததில்லை. குத்துவிளக்கும் ஆரத்தியும் பீடத்துக்கு வந்த அன்று அம்மா பூசை முடியும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: "அந்த வெளக்க வெளிய நின்னு பாத்துட்டுத்தானே எங்கம்மா இங்க வந்துச்சி. இங்கயும் அதையே கொண்டாந்து வெக்கறாங்களே, இன்னாத்துக்கு?"

பண்பாடு என்ற சொல்லை யாராவது உபயோகிக்கும்போதெல்லாம், யாருடையது என்று கேட்கும் வழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்துவிட்டது.

எண்பதுகளில் சுவாமி அபிஷிக்தானந்தரின் அருணாசலம் பற்றிய நூல் கைக்குக் கிடைத்தது. இயற்பெயர் ஹென்றி லெ சோ. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1910இல் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி. 1948இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் ரமணரைப் பார்த்தார். 1950இல் மொன்ஷானென் என்ற பிரெஞ்சுக் குருவோடு சேர்ந்து குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை ஆரம்பித்தார். 1952 முதல் பல தடவை வந்து இந்த மலையின் குகைகளில் மௌனத்தில் இருந்தார். காவி உடுத்தினார். குகையிலும் பூசை வைத்தார்.

படிக்கப் படிக்க முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்ட மலை அது. கடல் கடந்து வந்த ஒருவர் அதன் வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். எந்த வாசலும் அவரிடம் நீ யார் என்று கேட்கவில்லை. பிறகு கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவருடைய வேதனை நிஜம். இரண்டு என்பதே இல்லை என்ற அனுபவத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, யார் யாருக்கு எதைப் படைப்பது? ஆனாலும் பூசையை அவர் விட்டுவிடவில்லை. 1964இல் ரெய்மன் பணிக்கரோடு கங்கையின் மூலத்துக்குப் போய் அங்கே அப்பத்தையும் ரசத்தையும் படைத்தார். 1973 டிசம்பரில் இந்தூரில் இறக்கும்வரை அத்வைதத்துக்கும் பீடத்துக்கும் நடுவிலேயே இருந்தார். மௌனம் போதும் என்று சொல்ல எல்லாத் தகுதியும் உள்ளவர். ஏன் சொல்லவில்லை?

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் குகையில் இருந்த வருஷங்களில் அவள் அடிவாரத்திலிருந்து சில மைல் தள்ளி களை பறித்துக்கொண்டிருந்தவள். கேள்விப்பட்டதே இல்லை என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கொகையில பதில் யாரு சொன்னாங்க?"

மலை சொல்லியிருக்கும் என்று கவிதையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை. வழிபாடு என்பதன் நடு நரம்பில் அவள் விரலை வைத்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தனியாக ஒருவன் தியானிக்கலாம், அழலாம், கரையலாம். பூசைக்கு இரண்டாவது குரல் வேண்டும். அந்த இரண்டாவது குரல் யாருடையதாக இருக்கலாம், யாருடையதாக இருக்கக் கூடாது என்று நாம் வகுத்தோமே, அங்கேதான் பூசை கெட்டது. மொழியில் அல்ல, விளக்கில் அல்ல. அபிஷிக்தானந்தரைக் கடைசிவரை அந்தச் சடங்கு விடாமல் பிடித்திருந்ததும் இதனால்தானோ என்னவோ. ஒருமையின் உச்சியிலிருந்தும் இன்னொருவனுக்காகக் கீழே இறங்கி வர வைக்கிற ஏதோ ஒன்று அப்பம் பிட்பதில் இருக்கிறது.

இவ்வளவையும் யோசிக்கிற நான் அப்போது கோயிலுக்குப் போவதை விட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

1996இல் ஒரு புரட்டாசி மழை நாளில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவஸ்தைப் பூசுதலுக்குச் சாமியாரைக் கூட்டிவரப் போனேன். மிகவும் இளையவர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதில் சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்."

அவர் தமிழில் வாழ்த்தைச் சொன்னார். தமிழ்ப் பதில் எனக்குத் தெரியும்; பத்து வருஷம் சொன்னதுதான். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது லத்தீன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொல்லிப் பார்த்தது. ஒரு தடவைகூட உரக்கச் சொல்ல அனுமதிக்கப்படாதது. சாமியார் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. திருத்திக்கொள்வதற்குள் அம்மா கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றாள். அந்த இடத்தில் ஆமென் வராது. சாமியார் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். கதவோரம் நிற்கிறேன். என்ன விசுவசிக்கிறேன் என்று யாராவது கேட்டால் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. நன்மை வாங்குவதில்லை. பதில் மட்டும் சொல்கிறேன்.