மடிக்கணினியும் ஊர்ப் பயணமும்

தில்லிவாழ் தமிழன்பர்கள் ஊருக்குப் புறப்படுகையில் பெட்டி எத்தனை, கூடை எத்தனை என்று எண்ணுவது வழக்கம். இந்நாளில் மடிக்கணினியும் அக்கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனைத் தேர்ந்து வாங்குவது எங்ஙனம் என்பதைப் பட்டறிந்தவர் என்ற முறையில் யாம் எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு எம் தங்கையோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்றோம். பழைய கணினியைப் படுக்கையின் கீழ் வைத்து, அதன்மேல் டிரங்குப் பெட்டியை ஏற்றினோம். நாகபுரியில் எடுத்துப் பார்த்தால் திரை நொறுங்கிக் கிடந்தது. தங்கையின் கல்லூரி விண்ணப்பமும் சான்றிதழ்ப் படிகளும் அதனுள்ளேயே இருந்தன. அன்று நள்ளிரவோடு கெடு முடிந்தது. ஓராண்டு வீணாயிற்று. அம்மா எம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே எம்மை வருத்திற்று.

இவ்வாண்டு நேரு பிளேஸ் அங்காடிக்குச் சென்று பலவற்றைக் கையிலெடுத்துப் பார்த்தோம். ஆப்பிளின் 2022ஆம் ஆண்டு மாக்புக் ஏர் 1.24 கிலோ எடையுள்ளது, அலுமினிய உடல், விசிறியின்மையால் ஓசையும் இல்லை. ஆயின் அதன் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பலகை பழுதுற்றால் உள்ளிருப்பதை மீட்டல் அரிது. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 14 அங்குலத் திரையோடும் ஏறத்தாழ 1.1 கிலோவே. சிறிது தண்ணீர் சிந்தினும் விசைப்பலகை தாங்கும். சேமிப்பகத்தைத் திருகாணி கழற்றி வெளியே எடுக்கலாம். புதியதன் விலை இலட்ச ரூபாயைத் தாண்டும். எழுத்தர் ஊதியத்திற்கேற்ப, முன்பு ஒருவர் பயன்படுத்திய திங்க்பேட் ஒன்றையே வாங்கினோம்.

புதுதில்லி நிலையத்து மேம்பாலப் படிகளில் சுமையோடு ஏறுகையில்தான் எடைக்குறைவின் அருமை தெரிந்தது. சென்னைக்கு ஏறத்தாழ 2180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும். ரயில் பெட்டிகளின் மின்துளையில் 110 வோல்ட்டே இருப்பதுண்டு. இரவில் அதனை நிறுத்திவிடுவதும் உண்டு. ஆதலால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்னேற்றியா என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தல் நலம். மாலையிலேயே மின்னேற்றி வைத்தோம். போபால் கடந்து பொழுது விடிந்ததும் தங்கை திறந்தாள். நாகபுரி வரை மின்கலம் தாங்கிற்று. வண்டி அங்கு நின்றபொழுது விண்ணப்பத்தை அனுப்பினாள்.

“அண்ணா, சேர்ந்துவிட்டது!” என்றாள். ஓராண்டுப் பாரம் இறங்கிற்று.

அன்பர்களே, எத்துணை உறுதியான கருவியாயினும் சான்றிதழ்களின் படி ஒன்றைப் பென் டிரைவில் இட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியைத் தலைமாட்டில் வையுங்கள். டிரங்குப் பெட்டியின் கீழ் மட்டும் வைக்க வேண்டா.