ஒளிந்திருந்து பார்த்தவரின் சாட்சி

பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் உள்ள பதானி தோலாவில் 1996 ஜூலை 11 அன்று ரணவீர் சேனை 21 பேரைக் கொன்றது. தலித்துகள், முஸ்லிம்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2010 மே மாதம் ஆரா நீதிமன்றம் 23 பேருக்குத் தண்டனை வழங்கியது. 2012 ஏப்ரலில் பாட்னா உயர் நீதிமன்றம் அந்த 23 பேரையும் விடுவித்தது.

விசாரணையின் ஓட்டைகளோடு, கண்ணால் கண்டவர்களின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. கொல்ல வந்த கூட்டத்துக்கு அருகிலேயே ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தோம் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படியானால் ஒரு படுகொலைக்கு யார்தான் சாட்சி? வெளியில் நின்றவர் செத்துப்போனார். ஒளிந்தவர் பிழைத்தார். பிழைத்ததே அவர் சாட்சியத்துக்கு எதிராகப் போனது.

தோழர்களே, இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1992இல் கயா மாவட்டம் பாராவில் பூமிகார் சாதியினர் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் தலித்துகள் உள்ளிட்ட நால்வருக்குத் தடா சட்டத்தின் கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்று நீதிபதிகளில் எம்.பி. ஷா மட்டும் மாறுபட்டார். அங்கே முக்கிய ஆதாரம், இரவில் வந்த பெருங்கூட்டத்தில் இவர்களைப் பார்த்தோம் என்ற நேரடி சாட்சியம்தான். 2017இல்தான் அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

ஆகவே, எல்லா சாட்சிகளையும் அப்படியே நம்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இருட்டில், பயத்தில், கண் தவறும். அந்தத் தவறு நம் பிள்ளைகளின் கழுத்துக்கும் கயிறாகும். நாங்கள் கேட்பது ஒரே அளவுகோல்.

அந்த அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. உறவினர் என்பதற்காகவே சாட்சியைத் தள்ளக் கூடாது, உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு அப்பாவியை மாட்டிவிட அவர் பொதுவாக விரும்பமாட்டார் என்று 1953இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சியின் நினைவு வீடியோ படம் அல்ல என்று 1983இல் சொன்னது.

நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் சாட்சிகளோடு நீதிமன்றம் போகிறோம். "எத்தனை அடி தூரம்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். "மாட்டுக் கொட்டாயிலிருந்து வாசல் வரைக்கும்" என்பார் பாட்டி. அது துல்லியமான பதில். ஆனால் அந்தக் கொட்டகை பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் இல்லையென்றால், மேல்முறையீட்டில் அது வெறும் முரண்பாடு. அங்கே நீதிபதிகள் பாட்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் படிக்கிறார்கள்.

அதனால் முதல் நாளிலேயே ஊருக்குப் போங்கள். எங்கே ஒளிந்தார், எந்த விளக்கு எரிந்தது, யாரை எப்படித் தெரியும் என்பது வாக்குமூலத்தில் ஏறியதா என்று பாருங்கள். விடுபட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவாகக் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சாட்சிக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சாட்சிக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சேர்க்கும் ஒரு வரி, பார்த்த பத்து வரிகளையும் கொன்றுவிடும்.