கட்டத்துக்குள் ஒரு யாளி

பிளஸ் டூ பரீட்சை வந்த வருடம் நான் வரைந்த படங்களை எல்லாம் கட்டிப் பரணில் போட்டேன். 'ஜூனியர் விகட'னில் கி.ரா. எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவை அவை. அப்புறம் கல்லூரி, வேலை, வீட்டுக்கடன். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன மாதம் காஞ்சிபுரத்து நண்பர் போன் செய்தார். "பட்டுப் புடவைக்கு கிராப் போடுற ஒருத்தர் இருக்கார். உன்னை மாதிரியே ஸ்கூலோட படத்தை விட்டவர், மறுபடி ஆரம்பிச்சிருக்கார். வந்து பாரு."

பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஓட்டு வீடு. உள்ளே தறி ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஜன்னலோரம் சாய்வுப் பலகை, அதன்மேல் கிராப் தாள், பக்கத்தில் சிவப்பு மைக் கிண்ணம். பலகைக்குப் பின்னால் இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

பத்தாவது லீவில் அப்பா அவரைக் கோர்வைக்கு உட்கார வைத்தார். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் இழைக்கு இழை கோப்பதுதான் கோர்வை. மூன்று நாடா ஓடும். நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பல வீடுகளில் பெற்ற பிள்ளைதான்.

"டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டாரு தம்பி, பையனை அனுப்புங்கன்னு. அப்பா காபி குடுத்து அனுப்பி வச்சிட்டாரு."

இருபத்தைந்து வருடம் குழித்தறி. முழங்கால் போனபிறகுதான் பிரஷ்ஷை எடுத்திருக்கிறார்.

கிராப் தாளில் நெட்டுக்கட்டம் பாவு, படுக்கை வரிசை ஊடை. சிவப்பு பூசிய கட்டத்தில் சரிகை தெரியும். வரிசைக்கு ஓர் அட்டை. அந்த அட்டையில் ஓட்டை போடுவது, ஜக்கார்டு கொக்கியோடு அது பேசுவது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. கண் முழுக்க அவர் போட்டுக்கொண்டிருந்த யாளியின் மேல் இருந்தது.

"வளைவுன்னு ஒண்ணு இதுல கிடையாது, படிதான். எந்தப் படியில எத்தனை கட்டம்னு தெரிஞ்சா அதுவே வளைஞ்சுக்கும்." வால் அப்படியே ஏறி வளைந்தது. வயிற்றை முழுக்கச் சிவப்பாக நிரப்பாமல் நடுநடுவே ஒரு கட்டம் வெறுமையாக விட்டார். சரிகை கட்டில்லாமல் நீளமாக ஓடினால் வளையலில் மாட்டி இழுத்துவிடுமாம். அந்த வெற்றுப் புள்ளிகளைச் செதில் செதிலாக வரிசைப்படுத்தியபோது யாளிக்குத் தோல் வந்துவிட்டது.

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். அன்னம் வரைந்தேன். "கழுத்து நல்லா வந்திருக்கு. ஆனா புடவையில நீண்டுடும், கொஞ்சம் குட்டையா போடுங்க" என்றார். அங்குலத்துக்குப் பாவு இத்தனை, ஊடை இத்தனை என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அதை மனசில் வைத்துத்தான் கை ஓட வேண்டும்.

ஆதிமூலத்தின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது இருவருமே நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஓவியரையும் தறியையும் சேர்த்து வைக்க 1950-களில் பிறந்த மையங்கள் அவை.

கூலியைக் கேட்டேன். டிசைனுக்கு ஒருமுறைதான் காசு. அதை வாங்கிய முதலாளி நூறு புடவை நெய்தாலும் அவருக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய் கிடையாது. நன்றாக விற்றால் அடுத்தவரும் அதே புட்டாவைப் பார்த்துப் போட்டுவிடுகிறார். கொஞ்ச நாளில் விசைத்தறியிலும் வந்துவிடுகிறது. இத்தகைய பட்டுப் புடவையைக் கைத்தறிக்கென்று ஒதுக்க 1985-லேயே சட்டம் வந்தது. 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் பத்து வருடம் உரிமை உண்டு. பதிய வழிகாட்ட அவர் வாசலுக்கு யாரும் வந்ததில்லை. கட்டம் கட்டமாகக் கண்ணைக் கொடுத்தவனை முதல் நாளோடு கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, லாபத்தை எல்லாம் கல்லாவில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வது அநியாயம்.

சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். சுற்றுமதிலையொட்டி 58 சிறு சன்னதிகள், தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிம்மம். அவருடைய யாளிக்குத் தாய்வீடு இதுதான். புல்தரையில் உட்கார்ந்து பை நோட்டில் ஒரு சிம்மத்தின் பிடரியை வரைந்தேன். முதல் மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் சுருள் நின்றது. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

எட்டிப் பார்த்தார். "கோடு நடுங்குது, பரவால்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

இதுவரை நான்கு ஞாயிறு போயிருக்கிறேன். காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: புடவையோடு வைக்கும் சீட்டில் நெய்தவர் பெயரையும் டிசைன் போட்டவர் பெயரையும் அச்சிடுங்கள். விற்கிற ஒவ்வொரு புடவையிலும் வரைந்தவருக்குச் சிறு பங்கு கொடுங்கள். நீங்கள் முதலில் செய்தால் தனியார் கடைகளிடம் வாங்குகிறவர்கள் கேட்பார்கள்.