எழுதிக் கொடுப்பதற்கு முன்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் இதை முழுதாகப் படித்துவிட வேண்டும்.

சமீப காலமாக என்னிடம் பழைய மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், அம்மா பேர்ல இருக்கிற வீட்டை இப்பவே எழுதி வாங்கிடலாமா? அப்புறம் அலைச்சல் இல்லாம இருக்குமே." கேட்பவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது. சில சமயம் அதே வாரத்தில் அந்த அம்மாவே வந்து, "பையன் கேட்கிறான், எழுதிக் கொடுத்துடட்டுமா?" என்பார். இரண்டு தரப்புக்கும் ஒன்றாகப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் வக்கீல் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஓய்வூதியர் வட்டத்தில் உள்ள பெரியவர்களுக்குத் துணையாகச் சார்பதிவாளர் அலுவலகம், ஆர்டிஓ அலுவலகம், கோர்ட் வளாகம் என்று போய் வந்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எனக்கு மூத்தவர் ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்றே அழைப்போம். வயது எழுபத்தெட்டு. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஊரும் பெயரும் வேண்டாம் என்றார். சம்பளத்தில் சீட்டுக் கட்டி, கடன் வாங்கி, அவரே கட்டிய வீடு. கணவர் இறந்த மறு வருடம் இளைய மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தைப் போட்டார்: மகன் மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுக்கிறேன், இன்று முதல் சர்வ சுதந்திரமாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்த வீட்டில் கடைசி வரை இருக்க அவருக்கு உரிமை உண்டு என்றும் ஒரு வரி இல்லை.

இரண்டு வருடத்தில் மாடியிலிருந்த அவர் கட்டில் பின்கட்டுக்குப் போனது. சர்க்கரை மாத்திரையைத் தன் பென்ஷனில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதுகூடப் பரவாயில்லை என்றார். ஒரு நாள் வீட்டை விற்க ஆட்கள் வந்து அளந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் போன் செய்தார். அப்போதும் அவர் கேட்டது, "என் வீட்டை மீட்க முடியுமா?" என்றல்ல. "விற்றுவிட்டால் நான் எங்கே போறது?" என்றுதான்.

உயிலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் படித்தவர்களுக்கே தெளிவாக இல்லை. செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கை மாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் நீங்களாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் அப்படியல்ல. எழுதியவர் கண்ணை மூடிய பிறகுதான் அதற்கு உயிர். அதுவரை வீடு உங்களுடையது. விற்கலாம், அடகு வைக்கலாம், உயிலையே பத்து முறை மாற்றி எழுதலாம். முறையாக எழுதிய கடைசி உயில்தான் செல்லும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு செய்வது கட்டாயமும் இல்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. பதிவு செய்யாத உயில் பீரோவிலிருந்து காணாமல் போன கதைகள் நம் ஊரில் எத்தனையோ!

எந்தக் காரணத்தினாலாவது இப்போதே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பத்திரத்தில் இரண்டு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். ஒன்று, என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் வாங்கிக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு. இன்னொன்று, என் சாப்பாடு, மருத்துவம், அன்றாடத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதைக் கொடுக்கிறேன். இந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதன் 23ஆம் பிரிவுப்படி, கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தீர்ப்பாயம் என்றதும் மிரள வேண்டாம். நம் ஆர்டிஓ அலுவலகம்தான் அது.

அந்த வரி இல்லாவிட்டால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தரச் செய்தது. ஆக, வரி இல்லாமலும் வழி உண்டு. ஆனால் எந்த வழக்கு எப்படிப் போகும் என்று யார் சொல்ல முடியும்? ஒரு வரி எழுத ஐந்து நிமிடம்.

பெரிய டீச்சர் மனு கொடுக்க எட்டு மாதம் யோசித்தார். "பெத்த பிள்ளை மேலயே மனுவா?" என்பார். நான் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவர் மகள்தான் அழைத்துப் போனாள், நான் கூடப் போனேன். வெள்ளைத் தாளில் நடந்ததைத் தேதி போட்டு அவரே எழுதினார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் இன்றைக்கும் காப்பி நோட்டில் ஒட்டலாம். பத்திர நகல், ஆதார், பென்ஷன் புத்தக நகல் இணைத்தோம். வக்கீல் வைக்கவில்லை. இந்தச் சட்டப்படி மனுவை நாமே கொடுக்கலாம். போக முடியாதவர்கள், தங்கள் சார்பில் வேறொருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்தும் மனு செய்யலாம். சொத்தே எழுதிக் கொடுக்காதவர்கள்கூட மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சட்டத்தில் அதற்கு உச்ச வரம்பு 10,000 ரூபாய். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினரிடம் கேட்கலாம்.

நிபந்தனை இல்லையே என்பதுதான் மகன் தரப்பு வாதம். ஆனால் பத்திரத்துக்கு முந்தின வாரம் அவன் தன் அக்காவுக்கு அனுப்பிய வாட்சப் செய்தி இருந்தது: "அம்மாவைக் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன், வீடு என் பேருக்கு வரட்டும்." அது கை கொடுத்தது. மூன்று விசாரணை, ஐந்து மாதம். செட்டில்மென்ட் செல்லாது என்று உத்தரவு வந்தது. அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் நாங்கள் ஓய்ந்தோம்.

மகன் குடும்பத்தோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். பெரிய டீச்சர் மாடிக்குத் திரும்பினார். போய்ப் பார்த்தபோது, "வீடு ரொம்பப் பெரிசா இருக்குடி" என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஒரு உயில் எழுதிப் பதிவு செய்தார். அதில் அந்த மகனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது பெண்களுக்குத் தனியாக ஒன்று. என்னோடு வேலை பார்த்தவர்களில் குழந்தை இல்லாதவர்கள், கணவரை இழந்தவர்கள் பலர். நீங்கள் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15ஆம் பிரிவுப்படி, நீங்கள் சம்பாதித்த சொத்துகூடக் கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். உங்கள் அம்மா அப்பாவே அதற்குப் பிறகுதான். 2009இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த வழக்கு ஒன்று. கல்யாணமான மூன்று மாதத்தில் கணவர் இறந்துபோக, புகுந்த வீட்டார் துரத்திவிட, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போன பெண். அவர் உயில் எழுதாமல் இறந்தார். அவர் சேமிப்பெல்லாம் கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு தாள், இரண்டு சாட்சி. அது இல்லாததால் ஒரு ஆயுள் உழைப்பு போயிற்று.

சாட்சி என்றதும் நினைவு வருகிறது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். உங்கள் வயதுத் தோழிகளைக் கூப்பிடாதீர்கள்! நாளைக்கு உயிலை நிரூபிக்க வேண்டி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாகப் பாருங்கள். எண்பதைத் தாண்டியவர்கள், சுயநினைவோடு எழுதுகிறார் என்று ஒரு டாக்டர் சான்று வாங்கி வைப்பது நல்லது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. இஸ்லாமிய மாணவர்கள் கவனிக்க: உங்கள் தனிச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் மூலம் கொடுக்க வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ஜமாத்திலும் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேங்கில் நாமினி போட்டாயிற்று, அது போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கும் ஆள், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுடையது, அல்லது உயிலில் உள்ளவருடையது. நாமினியும் உயிலும் ஒரே ஆளைச் சொன்னால் சண்டை குறையும்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து சும்மா இருப்பவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்டக் கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, போய்க் கேட்டால் சொல்வார்கள். பென்ஷன் வாங்கும் டீச்சருக்கு எதற்கு இலவசம் என்று கூச்சப்படாதீர்கள். அது தர்மம் அல்ல, உரிமை. சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவிக்கு 14567. இந்த இரண்டு எண்களையும் அப்பா அம்மா போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.

மாணவர்களே, பெற்றோரிடம் "எழுதிக் கொடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "மூலப் பத்திரம் எங்கே இருக்கு? பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கேளுங்கள். பாதி வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கும். அந்த வேலையை முதலில் முடித்துக் கொடுங்கள். உயில் எழுதப் போகும்போது நீங்கள் அவர்கள் பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். வெளியே டீக்கடையில் இருங்கள்.

உறவினர்களுக்கு: நானும் உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். போன தீபாவளிக்குச் சுற்றி வளைத்துக் கேட்டவர்கள் இனிமேல் கேட்க வேண்டாம். யாருக்கு என்ன என்று சொல்ல மாட்டேன். நகல் எங்கே இருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரியும்.

நம் ஊரிலோ பக்கத்திலோ உள்ள பெரியவர்கள் யாருக்காவது ஆர்டிஓ அலுவலகத்துக்கோ சட்ட உதவி மையத்துக்கோ துணை வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் நான் வருகிறேன். பத்திர நகலை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.