அர்ஸமாஸ் இரவும் ஆறடி நிலமும்

1869 செப்டம்பரில் ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் நிலம் வாங்கத்தான் பென்சா மாகாணத்துக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு பண்ணை மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 41. ‘போரும் அமைதியும்’ நாவல் முடியும் தறுவாயில் இருந்தது. புகழுக்கும் சொத்துக்கும் குறைவில்லை. வழியில் அர்ஸமாஸ் என்ற ஊரில் தங்கிய இரவு, இரண்டு மணி வாக்கில், காரணம் எதுவுமின்றி மரண பயம் அவரைப் பிடித்து உலுக்கியது. அப்படியொரு வேதனையைத் தாம் அறிந்ததே இல்லை என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

சாவின் வாசலைப் பார்த்துவிட்டால் ஆசை விட்டுப்போகும் என்பார்கள். அந்தப் பற்றின்மை சுடுகாட்டை விட்டு வெளியேறும்வரைதான் என்பதை அறிந்தே தமிழர் அதற்கு ‘மயான வைராக்கியம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பென்சா பண்ணையை டால்ஸ்டாய் வாங்கவில்லை. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1871-ல், சமாரா புல்வெளியில் சுமார் 2,500 தெசியாதின் நிலத்தை வாங்கினார். அது 6,700 ஏக்கருக்கும் மேல்.

அந்தப் புல்வெளியில் பாஷ்கிர் மக்களோடு பழகிய அனுபவம்தான் 1886-ல் கதையானது. அந்தக் கதையில், ஒரு பகலில் நடந்து வளைக்கும் நிலமெல்லாம் 1,000 ரூபிளுக்குச் சொந்தம். பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், அந்தப் பள்ளத்தையும் சேர்த்து என்று எட்டிப்போன கதைநாயகன் பாகோம், திரும்பி ஓடிவந்து விழுந்து சாகிறான். அவனுக்கு வேண்டியிருந்த நிலம் மூலத்தில் மூன்று அர்ஷின், அதாவது ஏழடி. தமிழில் அது ஆறடியாகவே நிலைத்துவிட்டது. பாகோமைப் படைத்தவர் வெளியே நின்று தீர்ப்பு சொன்னவரல்லர். அதே மண்ணில் நிலம் வாங்கியவர். கதையின் வலு அங்கேதான் இருக்கிறது.

அவர் மாறினாரா? மாறினார், மெதுவாக, அரைகுறையாக. 1881-க்குப் பிந்தைய எழுத்துகளின் பதிப்புரிமையை 1891-ல் துறந்தார். மறு ஆண்டு சொத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில், வேலைக்காரர்கள் சூழவே வாழ்ந்தார். அந்த முரண் அவரை 1910-ல், 82 வயதில், வீட்டைவிட்டு வெளியேறும்வரை உறுத்தியது. அதைப் போலித்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. குடும்பத்தோடு வாழும் மனிதன் தன் மனமாற்றத்துக்கு அவர்களைப் பலியிடத் தயங்குவது இயல்பு.

மரண பயம் மனிதனை மாற்றுமா என்ற கேள்விக்கு இன்னும் ஆழமான விடை 1895-ல் வந்த ‘எஜமானும் வேலைக்காரனும்’ கதையில் இருக்கிறது. பிரெகுனோவ் என்ற வியாபாரி, தன் 700 ரூபிளோடு தன் பொறுப்பில் இருந்த தேவாலயப் பணம் 2,300-ஐயும் சேர்த்துக்கொண்டு, ஒரு தோப்பை முந்திக்கொண்டு வாங்கப் பனிப்புயலில் கிளம்புகிறான். வழி தவறுகிறது. வேலைக்காரன் நிகிதாவை விட்டுவிட்டுக் குதிரையில் தப்பப் பார்க்கிறான்; குதிரை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அச்சம் அதுவரை அவனைத் திருத்தவில்லை, ஓடத்தான் வைத்தது. விறைத்துக் கிடந்த நிகிதாவைக் கண்டதும் ஒரு வியாபாரத்தை முடிக்கும் அதே சுறுசுறுப்போடு தன் ரோமக் கோட்டைத் திறந்து அவன்மேல் கவிழ்ந்து படுக்கிறான். இரவெல்லாம் கதகதப்பு கொடுத்துவிட்டு விடிவதற்குள் இறந்துபோகிறான். நிகிதாவுக்கு மூன்று கால்விரல்கள் போயின; அதன் பிறகு இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தான்.