திறந்த காரின் விலையும் டிங்கர் பட்டறையும்

மேற்கூரையை மடித்துவிட்டு ஓட்டத்தக்க பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள், அதாவது எம்.ஜி., டிரையம்ப் முதலிய நிறுவனங்கள் 1980களின் தொடக்கம் வரை தயாரித்துவந்த இருவர் அமரும் சிறு கார்கள், தமிழ்நாட்டில் கைமாறும்போது விலை பேசப்படும் இடம் பெரும்பாலும் சென்னையாகவோ கோயம்புத்தூராகவோதான் இருக்கும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவற்றுக்கெனச் சந்தை கிடையாது. ஆயினும் அந்த விலைக்குக் காரணமான வேலை எத்தகையது என்பதை அறிய இவ்விரு மாவட்டங்களின் பட்டறைகள் பொருத்தமான களமாகும். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுவதாலும், சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுச் செல்வதாலும், தகடு தட்டும் டிங்கர், பெயிண்டர், லேத் பட்டறைக்காரர், குஷன் வேலைக்காரர் ஆகியோருக்கு இங்கு வேலைக்குக் குறைவில்லை. புதிய கார்களின் சர்வீஸ் நிலையங்களில் நசுங்கிய பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவதே வழக்கமாகிவிட்டது. நசுங்கியதையே நிமிர்த்தும் கைப்பழக்கம் லாரிப் பட்டறைகளில்தான் பெரிதும் எஞ்சியிருக்கிறது. மாற்றுப் பாகமே எளிதில் கிடைக்காத பழைய காருக்கு வேண்டியதும் அதுதான்.

டிங்கரின் வேலையில் வெளியார் கவனிக்கத் தவறுவது தகட்டைச் சுருக்கும் முறையாகும். அடிபட்ட தகடு குழிவதோடு நிற்காமல் நீண்டும்விடுகிறது. பின்புறம் ‘டாலி’ எனப்படும் கைக்கடக்கமான இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்து, முன்புறம் சுத்தியலால் தட்டினால் குழி எழும்பிவிடும். ஆனால் நீண்டுபோன பகுதி உப்பி நிற்கும், கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’ என உள்வாங்கி மறுபடியும் வெளியே வரும். அந்த உப்பலின் நடுவே காசளவு இடத்தைக் கேஸ் நெருப்பால் சிவக்கக் காய்ச்சி, சிவப்பு மங்குவதற்குள் சுற்றிலும் தட்டி, நனைத்த சாக்குத்துணியை ஒற்றினால் தகடு சுருங்கி இறுகும். எங்கே, எத்தனை முறை என்பதற்குக் கருவி எதுவும் இல்லை. மேஸ்திரி தம் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் பட்டி, அதாவது குழியை நிரப்பிக் காயவைத்துத் தேய்க்கும் பசை, விரல்கடை கனத்துக்கு அப்பப்படுகிறது. பெயிண்ட் அடித்தபின் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும் என்பதால்தான், விவரம் தெரிந்த வாங்குபவர் ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுவருகிறார்: கனத்த பட்டியின்மேல் காந்தம் ஒட்டாது.

திறந்த காருக்கு இன்னொரு சோதனையும் உண்டு, அது காந்தத்தைவிடக் கடுமையானது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. போன்ற காரில் தனிச் சேஸி கிடையாது. கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவத் தகட்டு அமைப்பே உடலின் பாரத்தைப் பெருமளவு தாங்குகிறது. மழைநீர் தேங்கி முதலில் துருப்பிடிப்பதும் அங்கேதான். துருப்பிடித்த பகுதியை வெட்டுமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புப் பட்டையை வெல்டிங் செய்து உடலைப் பிடித்து நிறுத்தாவிட்டால், கார் நடுவில் தொய்ந்து, கதவின் பின்னோர இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றுவிடும். இதைப் பட்டி கொண்டும் பெயிண்ட் கொண்டும் மறைக்க முடியாது. ஒரு பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, அந்நிலையிலும் கதவு தடையின்றித் திறந்து மூடுகிறதா என்று பார்ப்பதே போதுமானது.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் உருவாயிற்று. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஆகவே ஹெரால்டைப் பழுதுபார்த்துப் பழகிய முதிய மெக்கானிக்குகளுக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமானதன்று. முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டின் அடியில் மரையிட்ட ‘டிரனியன்’ என்ற உலோகக் கட்டை ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் வைத்தால் மரைக்குள் ஈரம் தங்கித் துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த ஒரு கேள்விக்கு விற்பவர் தரும் பதிலைக்கொண்டே கார் எவ்வாறு பராமரிக்கப்பட்டது என்பதை ஓரளவு கணித்துவிடலாம். ஹெரால்டின் கூரை போல்ட்டுகளால் பூட்டப்பட்டது, கழற்றிவிடலாம் என்பதால் அதையே ‘ஒரிஜினல்’ திறந்த கார் என்று விற்க முயல்வதும் இயலும்; ஆனால் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை இவ்வாறு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

பெயிண்ட் வேலைக்கு அரியலூர் உகந்த ஊரன்று. சிமெண்ட் தூசி ஈரமான பரப்பில் படிந்தால் இறுகிப் பெயிண்டையே அரிக்கும். எனவே தரையை நனைத்து, நாற்புறமும் படுதா கட்டி, காற்று அடங்கிய வேளையில் தெளிக்க வேண்டியிருக்கிறது. மடக்குக் கூரையைத் தைப்பதற்கோ லாரி சீட்டும் தார்ப்பாயும் தைக்கும் குஷன் கடையின் கைத்திறனே போதும். பழைய துணியின் தையலைப் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டுகின்றனர்.

காகிதங்களைப் பொறுத்தவரை, 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் வாகனத்தை ‘விண்டேஜ்’ எனப் பதிய வழி செய்தது. கட்டணம் ரூ.20,000, செல்லுபடிக் காலம் 10 ஆண்டுகள். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ அக்காரை ஓட்டக் கூடாது. விற்றால், விற்பவரும் வாங்குபவரும் 90 நாட்களுக்குள் மாநிலப் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாத காருக்கு எவ்வளவு அழகிருந்தும் பயனில்லை.

சீரமைத்த காரோடு விற்பவர் ஒரு கோப்பையும் தருகிறார். இங்கிலாந்திலிருந்து தருவித்த ரப்பர் பட்டை, கார்புரேட்டர் உதிரிகள் முதலியவற்றின் பில்கள் அதில் வரிசையாக இருக்கும். டிங்கர் வேலைக்குப் பெரும்பாலும் பில் இருப்பதில்லை, ‘லேபர்’ என்ற ஒற்றை வரியோடு சரி; பேரத்தில் முதலில் குறைக்கப்படுவதும் அந்த வரிதான். இது அநீதி மட்டுமன்று, வாங்குபவருக்கு நட்டமும் ஆகும். தகட்டை எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள், எந்த இடத்தில் பட்டி தங்கியிருக்கிறது என்பதைப் பிரைமர் அடிக்குமுன் எடுத்த படங்களோடும், வேலை செய்த மேஸ்திரியின் பெயர், பட்டறை இருக்கும் ஊர் ஆகியவற்றோடும் கோப்பில் சேர்த்துவிட்டால், ஓரிரு மழைக்காலத்துக்குப் பின் கதவு இழுக்கத் தொடங்கும்போது யாரிடம் கொண்டுபோவது என்று புதிய உரிமையாளர் தேடி அலைய வேண்டியதில்லை.